தாய்மாமனிடம் பெயர் கேட்டவள்

மயிலாப்பூர்
19 ஜூன் 2025

என் தங்கை பெற்ற மஹதிக்கு,

ஆசீர்வாதம் வழக்கமாக முதல் வரியில் வரும். இந்தக் கடிதத்தில் அது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. தகுதி நிரூபணமான பிறகு வழங்கப்படும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் பெருமாள் படத்துக்கு முன்னால் ஒரு சபதம் செய்தேன். உன்னோடு இனிப் பேசுவதில்லை. போன், வாட்ஸப், வாசலில் நின்று குரல் கொடுப்பது எல்லாம் சபதத்தில் அடக்கம். எழுதுவது அடக்கமில்லை. சபதம் செய்யும்போதே அந்த ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்துக்கொண்டேன். உன் மாமி சூடாமணி அடையாறுக்குச் சாத்தமுது எடுத்துக்கொண்டு வரும்போதெல்லாம் தூக்குப் பாத்திரத்தோடு கடிதமும் வரும்.

குற்றச்சாட்டுக்கு வருகிறேன். என் வலது முழங்காலை அறுத்துத் தூர எறிந்துவிட்டுப் புதிதாக உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். அதை நான் தாங்கிய வீரத்தைப் பார்த்து, மயக்க மருந்து கொடுத்த டாக்டரே தனக்கும் கொஞ்சம் போட்டுக்கொண்டதாகக் கேள்வி. மறுநாள் வார்டு முழுக்கச் சொல்லி வைத்தேன்: "சாயந்திரம் மருந்து டிராலியோட வரப் போறவ என் மருமாள். இந்த ஆஸ்பத்திரியே அவ கையிலதான் சுத்திண்டிருக்கு. பெரிய டாக்டர் தும்மறதா இருந்தாக்கூட அவகிட்டக் கேட்டுண்டுதான் தும்முவார்." எல்லாப் படுக்கையும் எழுந்து உட்கார்ந்து வாசலையே பார்த்தது.

நீ வந்தாய். மருந்து டிராலி வந்தது. என் பக்கத்தில் நின்றாய். வாயைத் திறந்தாய்.

"உங்க பேர் என்ன? பிறந்த தேதியும் சொல்லுங்கோ."

மஹதி! யார் மடியில் உட்கார வைத்து உனக்குக் காது குத்தினார்கள்? அன்றைக்கு நீ நனைத்த பட்டு வேட்டி இன்னும் என் பீரோவில் சாட்சி சொல்லக் காத்திருக்கிறது. நர்சிங் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது மூக்கைச் சுளித்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் தனி ஆளாக நின்று முறியடித்தவன் யார்? அவனிடம் பேர் கேட்கிறாய். உன் கேள்வியைக் கேட்டு அடையாற்றுத் தண்ணீர் கடல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து எட்டிப் பார்த்தது.

நான் சும்மா இருப்பேனா? "பேர் சோழ மகாராஜா. பிறந்தது ஆவணி மாசம், ஹஸ்த நட்சத்திரம்" என்றேன். வார்டே சிரித்தது. நீ சிரிக்கவில்லை.

"இங்கிலீஷ் தேதி வேணும் மாமா. பேரையும் நீங்களே சொல்லணும்."

"உனக்குத் தெரிஞ்ச பேரை நான் ஏண்டி சொல்லணும்?"

என் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தாய். ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட பெயர்ப் பட்டை அதில் இல்லை. உடனே ஊசியைத் தட்டோடு எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாய். தரை துடைக்க வந்த கங்கம்மா வேறு மாப்பை ஊன்றிக்கொண்டு நின்றாள். "இன்னா சாமி, பேரக் கேட்டா சொல்லிட்டுப் போயேன். உன் சொத்தையா எழுதிக் கேக்குது பொண்ணு?" என்றாள்.

ஊசி வரும்வரை உண்பதில்லை என்று நான் விரதம் இருந்தேன். நீ புதுப் பட்டையும் வேறு ஊசியுமாகத் திரும்பி வந்தபோது என் இட்லி மகாபலிபுரத்துச் சிற்பமாகிவிட்டிருந்தது.

ஆகவே உன் நிர்வாகத்துக்கு ஒரு புகார் அனுப்பியிருக்கிறேன். "நோயாளியைக் கவனியாது விட்ட செவிலியரின் கடமைத் தவறு" என்று தலைப்பு. ராஜாங்கத் தமிழில் நாலு பக்கம். நீ ஓடி வந்து "தப்பு மாமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் அதை அப்படியே காற்றில் கரைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
முழங்கால் வென்றான், மாடவீதிச் சிங்கம்,
கஸ்தூரிரங்கன்


அடையாறு
24 ஜூன் 2025

மாமாவுக்கு நமஸ்காரம்.

நீங்கள் ஆசீர்வாதத்தை நிறுத்தி வைக்கலாம். நான் நமஸ்காரத்தை நிறுத்தவில்லை.

சாத்தமுது சூடாக வந்தது. கடிதம் அதைவிடச் சூடு.

உங்கள் புகாரும் வந்து சேர்ந்தது. வேடிக்கைக்கு எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். படித்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு நர்ஸ் மேல் 'கடமைத் தவறு' என்று எழுத்தில் வந்துவிட்டால், சிரித்துவிட்டு மடித்து வைக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். அது முடிகிறவரை நான் மருந்து டிராலியைத் தொடக் கூடாது. இப்போது துணி அறையில் போர்வை மடித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் வார்டு பொறுப்பு எனக்கு வருவதாக இருந்தது, அதுவும் நிற்கிறது. குழு எனக்கு எதிராகச் சொன்னால் நர்ஸ் பதிவையே ரத்து செய்கிற வரைக்கும் விவகாரம் போகும்.

நீங்கள் அள்ளித் தெளித்திருக்கிற 'கவனக்குறைவு' என்ற சொல்லுக்கு எங்கள் தொழிலில் ஓர் அர்த்தம் இருக்கிறது மாமா. முதலில் எனக்கு உங்களிடம் ஒரு கடமை இருக்க வேண்டும். இருந்தது. டிராலியோடு உங்கள் படுக்கைக்கு வந்து நின்றதுமே அது வந்துவிட்டது. காது குத்தினதற்காக வந்ததில்லை; பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் அதே கடமைதான், அதே அளவுதான். அடுத்தது, என் இடத்தில் படித்துப் பழகின வேறொரு நர்ஸ் நின்றிருந்தால் எவ்வளவு கவனமாக இருந்திருப்பாளோ, அதற்கு ஒரு படி கீழே நான் இறங்கியிருக்க வேண்டும். அந்த இறக்கத்தால் உங்களுக்குத் தீங்கு வந்திருக்கவும் வேண்டும். ஆறிப்போன இட்லி தீங்கில் சேராது.

பேர் தெரியாமல் பேர் கேட்பதில்லை. "நீங்கதானே கஸ்தூரிரங்கன்?" என்று கேட்டால் பாதித் தூக்கத்தில் இருக்கிறவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். அதனால் அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். கூடவே பிறந்த தேதி. நம் வீட்டில் உங்கள் தேதி யாருக்காவது தெரியுமா? வருஷா வருஷம் ஆவணி ஹஸ்தத்தன்று உங்களுக்காகச் செய்த திருக்கண்ணமுதை வழித்துச் சாப்பிட்டிருக்கிறேன். காலண்டரில் அது என்றைக்கு என்று எனக்கும் தெரியாது, மாமிக்கும் தெரியாது. மருந்துத் தட்டின் சீட்டில் நட்சத்திரம் போட மாட்டார்கள் மாமா.

அன்று நான் தட்டோடு திரும்பிப் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது வேறொருவரைச் சேர்ந்தது. அதை உங்களிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. குழுவிடம் சொல்வேன்.

மஹதி


மயிலாப்பூர்
28 ஜூன் 2025

போர்வை இலாகா மந்திரி மஹதிக்கு,

நியாயமான கவனமாம், அதுவும் எல்லாருக்கும் ஒரே அளவாம். தாய்மாமனுக்கு ஏண்டி நியாயமான கவனம்? அவனுக்கு அநியாயமான கவனம் வேண்டும். அதற்காகத்தானே ஊரிலிருக்கிற ஆஸ்பத்திரிகளையெல்லாம் புறங்கையால் ஒதுக்கிவிட்டு உன்னிடம் முழங்காலைக் கொண்டு வந்தேன்?

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். உன்னை டிராலியைத் தொடக் கூடாது என்று சொன்ன இடத்தை நான் இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் சூடாமணியைப் படிக்கச் சொன்னேன், என் கண் ஏதாவது தப்பாகப் படித்திருக்குமோ என்று. அவள் படித்து முடித்துவிட்டு, "சோழ மகாராஜா இன்னிக்கு என்ன சாப்பிடறார்?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து என் தட்டில் விழுவது தயிர் சாதம் மட்டும். தொட்டுக்கொள்ளவும் ஒன்றும் கிடையாது.

நேற்று தி.நகரில் பரத்வாஜ் வீட்டுக் கிரகப்பிரவேசம். வாக்கரைத் தள்ளிக்கொண்டு போயிருந்தேன். உஸ்மான் ரோடு ஜனம் எனக்கு வழிவிட்டு இரண்டாகப் பிளந்தது. அங்கே, உன் படிப்புக்கு மூக்கைச் சுளித்த சொந்தங்களுக்குத் தலைவியான அபயாம்பாள் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, ஊருக்கே கேட்கும்படி, "மஹதி மேல ஏதோ புகாராமே? நர்ஸ் வேலையே வேண்டாம்னு தலபாடா அடிச்சுண்டேன், யார் கேட்டா?" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "அபயாம்பா! எங்காத்துப் பொண்ணு மேல புகார் குடுத்தவன் மகா முட்டாள், நாலு ஊரு கேணையன்! அவ கைபட்டா போன உயிர் வாசப்படில நின்னு யோசிக்கும்!" என்று முழங்கினேன். புது வீட்டுச் சுண்ணாம்பு உதிர்ந்தது.

"புகார் குடுத்தது யாராம்?" என்றாள்.

பாயசத்தில் நான் முழுகிவிட்டேன்.

சரி, சமாதானத்துக்கு வருகிறேன். புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீ மரியாதைக்கு ஒரு வார்த்தை, 'மன்னிச்சுக்கோங்கோ மாமா' என்று எழுதி அனுப்பு. சபதத்திலிருந்து நான் கௌரவமாக இறங்க ஒரு படி வேண்டுமல்லவா?

இப்படிக்கு,
தயிர் சாதத்தால் மெலிந்த சிங்கம்,
கஸ்தூரிரங்கன்


அடையாறு
2 ஜூலை 2025

மாமாவுக்கு நமஸ்காரம்.

மன்னிப்பு எழுத மாட்டேன்.

நீங்களும் வாபஸ் வாங்க வேண்டாம். இப்போது வாபஸ் வாங்கினால், "மாமா ஆச்சே, உள்ளேயே பேசி முடிச்சுண்டா" என்பார்கள். என் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சந்தேகம் கடைசிவரை உட்கார்ந்திருக்கும். நான் செய்தது சரியா, தப்பா என்று நாலு பேர் உட்கார்ந்து கேட்கட்டும். தப்பு என்றால் தண்டனையை வாங்கிக்கொள்கிறேன். சரி என்றால் டிராலியைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். விசாரணை 11ஆம் தேதி.

கையில் கட்டியிருந்த பெயர்ப் பட்டையை எங்கே போட்டீர்கள் என்று நீங்கள் இதுவரை ஒரு வரி எழுதவில்லை.

மஹதி


மயிலாப்பூர்
8 ஜூலை 2025

மஹதிக்கு,

இன்றைக்குப் பட்டம் பதவி ஏதும் போட்டுக்கொள்ளவில்லை, கவனி.

காலையில் உங்கள் ஆஸ்பத்திரிக்குப் பிசியோதெரபிக்கு வந்திருந்தேன். நீ கீழே துணி அறையில் இருந்திருப்பாய். எங்களையெல்லாம் பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். உள்ளேயிருந்து அந்தப் பெண், "கஸ்தூரிரங்கன் வாங்க!" என்று கூப்பிட்டாள். நான் எழுந்தேன். எனக்குப் பக்கத்தில் இன்னொருவரும் எழுந்தார்.

பிரம்மா என்னைப் படைத்துவிட்டு அந்தப் பெயரைக் கல்லில் அடித்து உடைத்துப் போட்டுவிட்டார் என்றுதான் இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். "சார், கூப்பிட்டது என்னை" என்றேன்.

"என் பேரும் அதுதான் சார். நந்தனம் கஸ்தூரிரங்கன். காலேஜ்ல வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனேன்" என்றார். என்னை உற்றுப் பார்த்தார். "அட! சோழ மகாராஜா! நானும் அதே வார்டுதான், ஜன்னலோரப் படுக்கை. அன்னிக்குத் தையல் விட்டுப் போற அளவுக்குச் சிரிச்சேன்."

ரசிகரைக் கண்டதும் எனக்கு உடம்பு பூரித்தது. "அந்தப் பொண்ணு அன்னிக்கு என்னை எத்தனை நேரம் காக்க வெச்சா, பார்த்தேளா?" என்று ஆரம்பித்தேன்.

"எனக்கும் அன்னிக்கு இன்சுலின் லேட்டுதான் சார். அந்தப் பொண்ணே வந்து சொல்லிச்சு. 'டிராலியில உங்க தட்டு இடம் மாறி வேற படுக்கைக்குப் போயிடுச்சு. ஊசி போடறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சுட்டோம். லேட்டானதுக்கு மன்னிச்சுக்கோங்க'ன்னு. எந்தப் படுக்கைன்னு நான் கேட்டேன், அது சொல்லல."

மஹதி, அப்போதுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. உன் கையில் அன்றைக்கு இருந்த தட்டில் கஸ்தூரிரங்கன் என்று எழுதியிருந்தது. எதிரே படுத்திருந்தவனும் கஸ்தூரிரங்கன். முகம் தெரிந்த முகம். பேர் சரியாக இருக்கிறது. போட்டுவிட்டுப் போயிருக்கலாம். என்னைத் தெரிந்த யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள். என்னைத் தெரியாத ஒருத்தி போட்டிருக்க மாட்டாள். என்னைத் தெரிந்த நீ போட்டிருக்கத்தான் கூடும். நீ என்னடாவென்றால் என்னை யாரோ எவரோ போல நிற்க வைத்துத் தேதி கேட்டாய்.

பிசியோதெரபிப் பெண்ணிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன். "சர்க்கரை இல்லாதவனுக்கு அவ்வளவு இன்சுலின் போட்டா என்னம்மா ஆகும்?"

"சாப்பிட்டிருந்தாலே ஆபத்து சார். ஒண்ணும் சாப்பிடாம வேற இருந்தா மயக்கம் போட்டுடுவாங்க. கவனிக்கலேன்னா எழுந்திருக்கவே மாட்டாங்க."

நீ முதல் தட்டோடு வந்து நின்றபோதே என் இட்லி தொடாமல்தான் இருந்தது.

இனிப் பட்டை விவகாரம். நாரத்தங்காய் தெரியுமல்லவா, மாமி சின்ன பாட்டிலில் போட்டு எனக்காகத் தலையணைப் பக்கம் வைத்துவிட்டுப் போனது? அந்த வார்டில் எல்லார் கண்ணும் அதன் மேல்தான். பாட்டிலுக்கு ஒரு காவல் வேண்டாமா? பேர் எழுதின பட்டை என் கையில் வெட்டியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நகவெட்டியால் நறுக்கி எடுத்து, பாட்டில் கழுத்தில் சுற்றிக் கட்டினேன். அன்றைக்கு வார்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அடையாளம் தெரிந்த ஒரே கஸ்தூரிரங்கன் அந்த நாரத்தங்காய்தான்.

வாபஸ் வாங்கவில்லை. நீ சொன்னபடி விசாரணை நடக்கட்டும். நான் நேரில் வருகிறேன்.

கஸ்தூரிரங்கன்


அடையாறு
14 ஜூலை 2025

மாமாவுக்கு நமஸ்காரம்.

விசாரணை அறைக்குப் பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு, வாக்கரில் ஊறுகாய் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்த முதல் புகார்தாரர் நீங்கள்தானாம். குழுத் தலைவி டாக்டரம்மா எனக்குப் பிறகு சொன்னார். பாட்டிலை மேஜை மேல் வைத்து, "கனம் குழுவினரே! இதுவே நான் உடைத்தெறிந்த பாதுகாப்பு!" என்று நீங்கள் முழங்கினதும், ஓரமாக உட்கார்ந்திருந்த வக்கீல் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்ததும் எனக்கு ஆயுசுக்கும் போதும். அவர் ஒரு துண்டு எடுத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நந்தனம் சாரும் வந்து சாட்சி சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் அவரை ஆட்டோவில் அழைத்து வந்தீர்கள் என்று கங்கம்மாதான் சொன்னாள். "ரெண்டு பெருசும் ஒரே பேர வச்சிக்கினு ஒரே ஆட்டோல வந்து எறங்குதுங்க, காலும் ஒரே காலு!" என்று அவளுக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

நீங்கள் வெளியே போன பிறகு நான் சொன்னது உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டும்.

அன்று மதியம் டியூட்டி மாறினபோது நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். பாட்டில் கழுத்தில் பட்டையை நான் பார்த்தேன். பார்த்துச் சிரித்தேன். மாமா செய்கிற வேலையைப் பார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். வேறு யார் கையிலாவது பட்டை இல்லாதிருந்தால் அந்த நிமிஷமே புதிதாகக் கட்டியிருப்பேன். அந்த ஓர் இடத்தில் நான் நர்ஸாக இல்லை, உங்கள் மருமாளாக இருந்தேன். அதனால்தான் சாயந்திரம் கேள்வி கேட்கும்போது என் குரல் அவ்வளவு கட்டையாக இருந்தது. எனக்கு என் மேல்தான் கோபம்.

இதை நான் சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சொன்னேன். தீங்கு எதுவும் நடக்காததால் சட்டத்தின் கண்ணில் இது கவனக்குறைவு ஆகாது என்றார் வக்கீல். சட்டம் சொல்லாவிட்டால் போகட்டும், நான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

தீர்ப்பு இது. ஊசியைப் போடாமல் திரும்பிப் போனது, புத்தியுள்ள எந்த நர்ஸும் செய்திருக்க வேண்டிய காரியம். பட்டை இல்லாததைப் பார்த்தவுடன் புதிதாகக் கட்டாதது குறை. இரண்டையும் எழுதி என் கோப்பில் வைத்திருக்கிறார்கள். இரண்டும் அதில் இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஒரே பெயரில் இரண்டு பேர் வார்டில் இருந்தால் இனிமேல் படுக்கைத் தலைமாட்டில் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும். தட்டு எப்படி இடம் மாறியது என்று மருந்தகத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நேற்று டிராலியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குள் போனேன். ஒரு சக்கரம் இன்னும் கிறீச்சிடுகிறது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

உங்கள் சபதத்தைப் பற்றி. நீங்கள் இறங்க என்னிடம் படி கேட்டீர்கள். என்னிடம் ஒரு படிதான் இருக்கிறது. நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. குழுத் தலைவியிடம் பேரும் தேதியும் சொன்னீர்கள், என்னிடம் சொல்லவில்லை. செப்டம்பரில் இடது முழங்காலுக்கு வருகிறீர்கள் அல்லவா? திரும்பவும் கேட்பேன். பதில் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

மஹதி


அடையாறு, வார்டு, ஜன்னலோரப் படுக்கை
17 செப்டம்பர் 2025

வார்டு பொறுப்பு அம்மையார் மஹதிக்கு,

ஆசீர்வாதம். ஜூன் மாதத்திலிருந்து நிலுவையில் இருந்ததெல்லாம் சேர்த்து, இந்த முதல் வரியிலேயே.

நீ இங்கேதான், கூப்பிடு தூரத்தில் மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாய். நான் இங்கே படுத்துக்கொண்டு எழுதுகிறேன். நேற்றோடு சபதம் முடிந்துவிட்டது, பேசியே சொல்லலாம். ஆனால் நடந்தது பேச்சில் அடங்காது. இதற்கு எழுத்துதான் லாயக்கு.

நேற்று சாயந்திரம் அந்தக் கிறீச் சத்தம் வராந்தாவில் கேட்டதும் நான் தலையை வாரிக்கொண்டேன். இந்தத் தரம் வார்டில் நான் யாரிடமும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. நீ ஒவ்வொரு படுக்கையாக வந்தாய். கேட்டாய், பார்த்தாய், கொடுத்தாய். எதிர்ப் படுக்கை அப்துல் வஹீத் பாய்க்கு என்ன கவனமோ, அவருக்குப் பக்கத்தில் வாயைத் திறந்தபடி தூங்கினவருக்கும் அதே கவனம். அவரைத் தட்டி எழுப்பிக் கேட்டாய். ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அநியாயமான கவனம் வேண்டும் என்று எழுதினவன் நான். வரிசையில் என் முறைக்காகக் காத்திருந்தபோதுதான், எல்லாருக்கும் ஒரே அளவு என்பது எத்தனை பெரிய அளவு என்று பார்த்தேன்.

என் பக்கம் வந்தாய். முகத்தில் மருமாள் இல்லவே இல்லை.

"உங்க பேர் என்ன? பிறந்த தேதியும் சொல்லுங்கோ."

கபாலி கோயில் தேர் நிலைக்கு வந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் பட்டை கட்டின கையை நீட்டினேன். "கஸ்தூரிரங்கன். 1955, ஆகஸ்டு 21" என்றேன். தேதியை மனப்பாடம் பண்ண எனக்கு ரேஷன் கார்டு, ஆதார், சூடாமணி எல்லாரும் தேவைப்பட்டார்கள். மூன்று மாதத்தில் உன்னோடு நான் பேசிய முதல் வார்த்தை என் பேர்தான்.

நீ பட்டையைப் பார்த்தாய். தட்டைப் பார்த்தாய். "சரியா இருக்கு" என்று ஊசியைப் போட்டாய். அந்த 'சரியா இருக்கு'க்கு ஈடாக எந்த மகாராஜா பட்டத்தையும் நான் கழற்றி வைப்பேன்.

நீ அடுத்த படுக்கைக்கு நகர்ந்ததும் வஹீத் பாய் என் பக்கம் சாய்ந்தார். "சார், அந்த சிஸ்டர் உங்களுக்குச் சொந்தமா? ஜாடை அப்படியே இருக்குது."

சொல்லியிருக்கலாம். என் தங்கை பெண், என் மடியில் காது குத்தினவள், இந்த வார்டுக்கே ராணி என்று வங்காள விரிகுடா வரை கேட்கும்படி சொல்லியிருக்கலாம்.

"இப்ப இல்லை பாய்" என்றேன். "இப்ப அவ என் நர்ஸ். டிஸ்சார்ஜ் ஆகி வாசலைத் தாண்டினப்புறம் கேளுங்கோ, சொல்றேன்."

இப்படிக்கு,
கஸ்தூரிரங்கன்
பிறந்த தேதி: 21 ஆகஸ்டு 1955
இடது முழங்கால்